தினம் ஓர் உழக்கு மல்லிகை

என் மனைவி செல்லத்தாய்க்குப் பேறுகாலம் ஆனபோது மருத்துவச்சி முதலில் தண்ணீர் தெளித்தது என் முகத்தில்தான். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. தேனிக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. ஏர்க்கொழுக்களைக் கட்டுக் கட்டாகத் தோளில் தூக்குகிறவன், பிள்ளை வீறிட்ட சத்தத்தில் வாசற்படியில் சரிந்துவிட்டேன். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல அவ்வளவு கூச்சம் இருக்காது.

பெண் குழந்தை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்தவள்.

அல்லிநகரத்து வீட்டில் எங்களோடு என் அக்கா இருந்தாள். சின்னமனூரில் வாழ்க்கைப்பட்டு, இரண்டாம் வருஷமே தாலியை இழந்து திரும்பியவள். பிள்ளை இல்லை. தாயில்லாத என்னை வளர்த்தவள் அவள். அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. என்னிடம் அறவே கிடையாது.

முதல் மூன்று நாளும் சீம்பாலைப் (பிள்ளை பிறந்ததும் சுரக்கும் மஞ்சள் நிறப் பால்) பீச்சிச் சுவரோரம் ஊற்றினார்கள். பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்பதால் நானும் தலையாட்டினேன். பிள்ளைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது என்று பிற்பாடுதான் தெரிந்தது. உங்கள் வீட்டில் ஊற்றிவிடாதீர்கள்.

நான்காம் நாள் செல்லத்தாய்க்குப் பால்கட்டு (பால் தேங்கி மார்பு கல்லாக இறுகுவது). கூடவே காய்ச்சல். இறுகிய மார்பைப் பிள்ளையால் கவ்வ முடியவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள். நான் மேல்துண்டுகூட இல்லாமல் ஓடிப்போய் மாட்டு வைத்தியர் முன்னால் நின்று, மடி கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டேன். யார் வீட்டு மாடு என்றார். வந்த வழியே திரும்பி ஓடினேன்.

வீட்டில் அக்கா ஒரு கிண்ணத்தில் செல்லத்தாயின் பாலைப் பீச்சி, அதில் ஓர் எறும்பை விட்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது துடித்து அடங்கியது.

“பாத்தியாலே தம்பி? எறும்பே தாங்கல. பச்ச மண்ணு தாங்குமா?”

எதில் விழுந்த எறும்புதான் நீந்திக் கரையேறும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிறகொரு நாள் கடையில் தண்ணீர், மோர், காப்பி மூன்றிலும் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை.

மல்லிகை வாங்கி வா என்றாள் அக்கா. மார்பில் வைத்துக் கட்டினால் சூடு இறங்கும், கெட்ட பால் போய் நல்ல பால் ஊறும். கட்டின சரம் வேண்டாம், உதிரியாகவே இருக்கட்டும் என்றாள். தினமும் காலையில் ஓர் உழக்குப் பூ வாங்கி வந்தேன். அக்கா அதைத் துணியில் பரப்பிச் செல்லத்தாயின் மார்பில் இறுக்கிக் கட்டினாள். பிள்ளைக்குப் பசும்பாலில் பாதி தண்ணீர் கலந்து, மடியில் போட்டுக்கொண்டு சங்கில் புகட்டினாள்.

கட்டு இளகியது, காய்ச்சலும் விட்டது. என் வைத்தியம் பலித்துவிட்டது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் பிள்ளைக்குப் பேதி கண்டது. தொடை மெலிந்தது. பிறகு அழுகை நின்றது. பிள்ளை அடங்கிவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். பசித்த பிள்ளை அழும். அழத் தெம்பில்லாத பிள்ளை தூங்குவதுபோல் கிடக்கும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள நான் கொடுக்க இருந்த விலை என் மகள்.

பூ வாங்கத் தொடங்கிப் பத்தாம் நாள். பழனிசெட்டிபட்டியிலிருந்து வரும் பூக்காரி உழக்கை நிரப்பிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

“பிள்ள என்னைக்குத் தவறுச்சு சாமி?”

நல்லாத்தானே இருக்கிறது, ஏன் கேட்கிறாய் என்றேன்.

அவள் உழக்கைக் கீழே வைத்தாள். “பிள்ள உசுரோட இருக்கிற வீட்டுல இத்தன நாளு உதிரிப்பூ எதுக்கு? மார்ல கட்டிப் பால வத்த வைக்கத்தான இத வாங்குவாக? பிள்ளையப் பறிகுடுத்தவகதான் வாங்குவாக.”

வீடுவரை ஓடினேன். செல்லத்தாயின் முன்னால் நின்று, எனக்கு வந்த அரைகுறை வார்த்தைகளில் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்கதான வத்த வைக்கச் சொன்னீக? மதினி அப்படித்தான் சொன்னாக. எம் பாலு விசம்னு நீங்களே முடிவு கட்டிட்டீகன்னு இருந்தேன். தெனமும் பூவ வாங்கியாந்தது யாரு?”

அக்கா என்னிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள், அவளிடம் வேறொன்று சொல்லியிருக்கிறாள். ஆனால் செல்லத்தாய் கண்ணால் கண்ட சாட்சி என் பூ.

அடுப்படியில் அக்கா பிள்ளையை மடியில் போட்டு, சங்கைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். பால் கடைவாயில் வழிந்தது. ஏன்க்கா என்றேன். அவள் மறுக்கவில்லை.

“எங்கையால ஒரு பிள்ள பசியாறணும்னு இருந்துச்சுலே. அவளுக்கு இன்னும் பொறக்கும். எனக்கு?”

எதற்கெடுத்தாலும் ஒரு கேலி வைத்திருக்கிறவன் நான். அன்று எல்லா மூலையிலும் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜட்கா வைத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. நீர்வற்றல் (பேதியால் உடம்பில் நீர் குறைந்துபோவது) என்று சொல்லி, உடனே உப்புநீர் ஏற்றினார். வற்றிய பால் திரும்புமா என்று நான் மூன்று முறை கேட்டேன்.

“பிள்ளை சப்பினால் ஊறும். முதல் சில நாள் சொட்டுகூட வராது, அப்போதும் வைக்க வேண்டும். நீங்கள் இங்கே நின்று பதறினால் அந்த அம்மாவுக்குப் பால் இறங்காது. வராந்தாவில் போய்ப் பதறுங்கள்.”

அவர் காட்டிக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். பிள்ளை வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, காம்பை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் கவ்வ விட வேண்டும். மோவாய் மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம், இரண்டு பக்கமும். அதன் பிறகுதான் காய்ச்சிய பசும்பால், கரண்டியில். தாய்ப்பால் ஊற ஊற அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பால்கட்டுக்கும் மருந்து பிள்ளையின் வாய்தான்; கவ்வ முடியாவிட்டால் வெந்நீர்த் துணியால் ஒற்றி, கொஞ்சம் பீச்சிவிட்டுக் கொடுக்கலாம்.

எனக்குக் கிடைத்த உத்தியோகம், வராந்தாக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வது. நான் குரல் கொடுத்ததும் செல்லத்தாய் பிள்ளையை எடுத்துக்கொண்டு, எனக்கு முதுகு காட்டித் திரும்பி உட்காருவாள். அந்த முதுகோடு பதினொரு நாள் பேச்சுவார்த்தை நடத்தினேன்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல், முதுகுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. விழுங்கும் சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

“எறங்குது ஆத்தா, குடி” என்றாள் செல்லத்தாய். என்னிடம் அல்ல, மகளிடம்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. செல்லத்தாய் என்னோடு பேசுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் நான் எதை வாங்கி வந்தாலும், இது எதற்கு என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் கை நீட்டுகிறாள். அக்காவை யாரும் போகச் சொல்லவில்லை. இன்றைக்கும் அவள்தான் சமைக்கிறாள்.

என் உடம்புதான் பழைய உடம்பாக இல்லை. இரண்டு மணிக்கொரு தரம், கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாலும், யாரோ கூப்பிட்டதுபோல் நிமிர்ந்துவிடுகிறது. அக்கா சோறு பரிமாறினால் முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு தொண்டை விழுங்காமல் கொஞ்ச நேரம் நிற்கிறது. நான் சொல்லித்தான் நிற்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது என்னைக் கேட்பதில்லை.