தபித்தாள் சுட்ட ஆறு வெள்ளைக் கோப்பை

தம்பி பொண்டாட்டி தபித்தாளுக்கும் எனக்கும் ஆகவே ஆகாதுங்க. ஆனாலும் நடந்ததை நடந்தபடிதான் சொல்லோணும்.

சீமையில சண்டை நடந்துட்டிருந்த வருஷம். தம்பி எட்மண்டுக்கு மலையில கட்டபெட்டு பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில டீமேக்கர் வேலை. டீத்தண்ணியை வரிசையா வெள்ளைக் கோப்பையில ஊத்தி, நெறம் ஒப்பிட்டுத்தான் தூள் தேறுமான்னு சொல்லோணும். கோப்பையெல்லாம் உடைஞ்சு ஒண்ணுதான் மிச்சம். சீமைக் கோப்பை ஏத்திட்டு வர்ற கப்பலும் வரலை. ஒப்பிட்டுப் பார்க்காம அனுப்பின தூள் ரெண்டு தடவை சரியில்லைன்னு திரும்பி வந்துருச்சு. இன்னொருக்கா திரும்பினா வேலை போச்சுன்னுட்டாரு தொரை.

"கோப்பைதானுங்க, நான் செய்யறேன்"ன்னா இவ. சட்டி பானை செஞ்ச குடும்பமா? வாத்தியார் மக.

செவுத்துக்குப் பூசற வெள்ளை மண்ணைத் தோண்டிட்டு வந்து, கவாத்து வெட்டின தேயிலைக் குச்சியில சுட்டா. சூடு பத்தாம பிஸ்கோத்தாட்டம் உதிர்ந்துச்சு. அடுத்து சுண்ணாம்பைக் கலந்தா. அத்தனை வெள்ளை, எனக்கே வயித்தெரிச்சல். ஒரு வாரம் மலை ஈரம் பட்டதும் உள்ள இருந்த சுண்ணாம்பு ஊதிப் பொரிஞ்சு, அம்மைத் தழும்பா விழுந்துருச்சு. தெரியாத வேலை எதுக்குன்னு கேட்டேன்.

"சுண்ணாம்பு ஆகாதுன்னு இப்பத் தெரிஞ்சுருச்சில்லீங்க அண்ணி"ன்னு எல்லாத்தையும் உடைச்சுக் கொட்டிட்டா. கொழுப்பைப் பாருங்க.

அப்புறம் கூலிக்காரங்க லைன்ல இருந்த மாரியாயிகிட்டப் போயி, கோலமாவுக்கு இடிக்கிற மாக்கல்லை வாங்கிட்டு வந்தா. சிலுவை மாட்டின வேதக்காரி ஊட்டுக்குக் கோலமாவு எதுக்குன்னு லைனே சிரிச்சுது. மாக்கல் மாவு, வெள்ளை மண்ணு, மருந்து பாட்டிலை இடிச்சுச் சலிச்ச கண்ணாடித்தூள், மூணையும் பிசைஞ்சா. கொறைஞ்ச சூட்டுலயே கண்ணாடி இளகி மண்ணைப் பிடிச்சுக்குமாம். மேல பூசறதுக்கும் அதே தூளைக் கஞ்சியில கரைச்சா. ஆறு கோப்பை தேறுச்சு. தட்டினா கிண்ணுன்னு கேட்டுச்சு.

தம்பி ஒண்ணுல டீத்தண்ணி ஊத்தினான். மூஞ்சி சுருங்கிருச்சு.

"நெறம் மங்கலாத் தெரியுது. உன் கோப்பை என் தேயிலையைக் கெடுக்குது புள்ளே."

அவ மிச்சமிருந்த சீமைக் கோப்பையில அதே தண்ணியை ஊத்திப் பக்கத்துல வெச்சா. ரெண்டும் ஒரே மங்கல்.

"கோப்பை சரியாத்தானுங்க இருக்குது. உங்க தூள்தான் சரியில்லை."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. அவ பக்கம் நின்னு நான் சிரிச்சது அதுதான் மொதல் தடவை.

மறுநாளே தம்பி இலையைப் புளிக்க வைக்கிற நேரத்தை ஆறு விதமா மாத்தி, ஆறு கோப்பையிலயும் ஊத்திப் பார்த்து, சரியான நெறத்தைப் பிடிச்சுட்டான். அந்தத் தூள் திரும்பி வரலை.

சண்டை முடிஞ்சு சீமைக் கோப்பை பெட்டியோட வந்து எறங்குச்சு. தம்பி இன்னும் அதைப் பிரிக்கலைங்க.