ஸ்டிக்கர் இல்லாத பெட்டி

பீப். ஒரே ஒரு பீப். கரண்ட் போய் வந்ததும் மருந்துக்கடையின் பழைய கம்ப்யூட்டர் தொண்டையைச் செருமிக்கொள்கிறது. மாத்திரைக்குக் கை நீட்டி நிற்கிற நான், நரைத்த மீசையோடு அப்படியே, எங்கள் சங்கரன்கோவில் வீட்டு நடுக்கூடத்தில் அத்தைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் ஹார்டுவேர் படித்தவள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சிவகிரியில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா பாயசத்தை உறிஞ்சியபடி, "எங்க வீட்டுல மருமவ காரணமில்லாம பொறந்த வீட்டுக்குப் போற வழக்கம் கெடையாது" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், என் கவனமெல்லாம் முந்திரியில் இருந்தது.

அப்பா பத்திரம் எழுதுகிறவர். டைப்ரைட்டரை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கத் துடித்த காலம் அது. அவருக்குக் கம்பெனி பெட்டிதான் வேண்டும். மூடியின் ஓரத்தில் வெள்ளி ஸ்டிக்கர் மின்ன, கெட்டால் திருநெல்வேலியிலிருந்து ஆள் வருகிற பெட்டி. முத்திரை இல்லாத எதையும் அவர் நம்பியதில்லை. அத்தையோ, பாகம் பாகமாக வாங்குவோம், நானே சேர்த்துத் தருகிறேன் என்றாள். சோற்றுத்தட்டுகளுக்கு மேலே தினமும் இந்தச் சண்டை பறந்தது.

"கண்ட சாமானையும் போட்டு முடுக்கி, நாளைக்கு நின்னு போச்சுன்னா யார்ட்ட போயி நிக்கதுட்டி?"

"கம்பெனி பெட்டிய நாம தெறக்கக் கூடாதுண்ணே. ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி போச்சு. ஆளு வார வரைக்கும் பூட்டுன கோயில் மாதிரி வெளிய நின்னு பாத்துக்கிட்டு இருக்கணும்."

"சரி, ஒன் பெட்டி கெட்டா யாரு வருவா?"

"நான் வாரேன்."

அவ்வளவுதான். சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்த அப்பாவின் விரல்கள் நின்றன. தங்கையின் முகத்தைப் பார்த்தார். வாதத்தில் ஒரு அரைப்புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர், "அப்ப ஒன் இஷ்டம்" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். அதுவரை அப்பா தோற்று நான் பார்த்ததில்லை. அத்தையின் படிப்புக்குக் கிடைத்த வெற்றி என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

மதுரையிலிருந்து சாமான்கள் வந்திறங்கின. மானிட்டரை அப்பா பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அத்தை பாயை விரித்து, சேலையை இழுத்துச் செருகி, முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டாள். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கணுமாம். "சாமி கும்பிடுதா பாரு!" என்று அம்மா சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்த விரல்களை எப்படிச் சொல்வேன்? பச்சைச் சர்க்யூட் பலகையின் மேல் அவை ஈரத்தரையில் குருவி நடப்பதுபோல நடந்தன. அமுக்க வேண்டிய இடத்தில் அமுக்கின, விட வேண்டிய இடத்தில் விட்டன, ஓர் ஒயர்கூட வழி தவறவில்லை. எங்கள் தெருத் தறிகளின் சடசடப்புக்கு நடுவே அவள் மட்டும் சத்தமே இல்லாமல் எதையோ நெய்துகொண்டிருந்தாள்.

ஸ்விட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது. வேறொன்றும் இல்லை, திரை கறுப்பாகவே இருந்தது. அப்பா வாயைத் திறக்கும் முன் அத்தை என் பக்கம் கையை நீட்டினாள். "ரப்பரைக் கொண்டாலே." என் பள்ளிக்கூட அழிரப்பரால் மெமரிப் பட்டையைக் கழற்றி அதன் பொன் ஓரத்தைத் தேய்த்து, ஊதி, மறுபடி செருகினாள். பீப். அம்மா சட்டென்று போய்ப் பெட்டியின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். "திருநீறு மட்டும் வேண்டாம் மயினி, ஃபேனுக்குள்ள போயிரும்" என்றாள் அத்தை, உலகத்தையே வென்றவள் போல.

கல்யாணம் முடிந்தது. சிவகிரிக்குக் கார் கிளம்பும் நேரம், அப்பா மாப்பிள்ளையின் அம்மா முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்படிப் பணிந்து அவர் நின்று நான் பார்த்ததேயில்லை.

"சம்பந்தியம்மா, ஒரு விஷயம். வீட்டுல இருக்க கம்ப்யூட்டரு இவ கைய வச்சாத்தான் கேக்கும். என் பொழப்பே அதுலதான் கெடக்கு. கெட்டுப் போச்சுன்னு ஆளு விட்டா, பிள்ளைய அனுப்பி வைக்கணும்."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "பொழப்புன்னா அனுப்பாம இருப்பமா?" என்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. அத்தை சேர்த்த பெட்டி கெடும் என்று அத்தையின் முன்னாலேயே சொல்கிறாரே! கார் ஜன்னலுக்கு ஓடினேன். கவலையே படாதே அத்தை, தினமும் துடைப்பேன், துணி போட்டு மூடுவேன், ஒருநாளும் கெட விடமாட்டேன் என்று மூச்சிரைக்கச் சத்தியம் செய்தேன். அப்பா ஏனோ சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். ஜன்னல் வழியே கையை நீட்டி என் காதைப் பிடித்து அருகே இழுத்தாள்.

"ரொம்ப நல்லாப் பாத்துக்கிடாத, மருமவனே."