சிவந்த இடத்தில் வைத்த ஃபோம்

முப்பத்தொரு டிகிரி. போன ஆண்டு ஜூனில் எஸ்லினின் முதுகெலும்பு அவ்வளவு வளைந்திருந்தது. வயது பன்னிரண்டு. நாளுக்கு இருபது மணி நேரம் பிரேஸ் போட்டால் வளைவு அத்தோடு நிற்கலாம், நாற்பத்தைந்தைத் தாண்டினால் ஆபரேஷன்தான் என்றார் டாக்டர்.

அவள் அப்பா ஜெபராஜ், ஓசூர் சிப்காட்டில் கார் சீட் கம்பெனியில் பதினெட்டு வருடமாக ஃபோம் பிரிவில் வேலை பார்க்கிறார். புது மாடல் சீட் வந்தால் அதில் ஓர் ஆளை ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். எங்கே உறுத்துகிறது என்று கேட்டு, அங்கே கெட்டி ஃபோமைச் சீவி, மெத்தென்று வேறு வைப்பது அவர் வேலை.

பிரேஸ் என்பது மார்பிலிருந்து இடுப்பு வரை கவ்விப் பிடிக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு. அதன் விளிம்பு எஸ்லினின் இடுப்பெலும்பை அறுத்தது. உள்ளே இருந்த திண்டு வலது விலாவை அழுத்தியது. முதல் வாரமே அழுகை.

"எவனெவனோ கார்ல உக்கார்றதுக்குப் பாத்துப் பாத்து ஃபோம் வெக்கறீங்க. எனக்கு மட்டும் பிளாஸ்டிக் பக்கெட்டா?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் ஜெபராஜ் வேலையில் இறங்கினார். மகள் உடம்பில் எங்கெங்கே சிவந்திருக்கிறது என்று மனைவி கிருபாராணி பார்த்துச் சொல்ல, அவர் பிரேஸின் உள்ளே ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டார். இடுப்பு விளிம்பைத் தேய்த்து ஃபோம் சுற்றினார். விலாத் திண்டைப் பாதியாகச் சீவி, மேலே மெத்தென்று ஒட்டினார்.

"அப்பா, போட்ட மாதிரியே இல்லப்பா!"

அதன்பிறகு எஸ்லின் ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை. பிரேஸோடு சைக்கிள் ஓட்டினாள். அழுகை நின்றதால் மூன்றாம் மாதச் செக்கப்புக்கு யாரும் அவசரப்படவில்லை. ஷிப்ட், பரீட்சை என்று அது ஏழாம் மாதமானது. அதற்குள் அவள் மளமளவென்று வளர்ந்திருந்தாள்.

கிருஷ்ணகிரியில் பிரேஸ் செய்து கொடுத்த பிரவீனா புது எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு பிரேஸுக்குள் கைவிட்டுத் தடவினார்.

"இந்தத் திண்டை யாருண்ணா சீவுனது?"

"நான்தான் மேடம். அங்கதான் செவந்துச்சு."

"அங்க செவக்கணும்ணா. முதுகைத் தள்ளிப் புடிக்கறதே அந்த எடந்தான். கழட்டி அரை மணி நேரத்துல செவப்பு போயிட்டா பயமில்ல. இடுப்புல செஞ்சிருக்கீங்க பாருங்க, அது நல்ல வேலை, நானே செஞ்சிருக்கணும். இதுக்கு மட்டும் எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா..."

அவர் எக்ஸ்ரேயை நீட்டினார். வளைவு நாற்பத்தெட்டு.

ஓசூர் திரும்பும் பஸ் சூளகிரியைத் தாண்டியது.

"நான்தானப்பா கேட்டேன்" என்றாள் எஸ்லின்.

"நீ கொழந்த, கேப்ப. நான் அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

பிரவீனா இப்போது எல்லாப் பிரேஸுக்கும் இடுப்பு விளிம்பில் ஃபோம் சுற்றுகிறார். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஜெபராஜே போய்ச் சுற்றிக் கொடுக்கிறார். திண்டைத் தொடுவதில்லை. "இப்பதாங்க புள்ள அழுவாம போடறா" என்று ஒரு தாய் கையைப் பிடித்துக்கொண்டபோது, "மூணு மாசத்துக்கு ஒருக்கா காட்டிடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி பெங்களூரில் எஸ்லினுக்கு ஆபரேஷன். முதுகெலும்பில் கம்பி வைத்து நிமிர்த்துகிறார்கள். ஜெபராஜ் இருபது நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார்.