ஆறாம் எண் கணினிக்கு வந்த சலாம்

குவைத்திலிருந்து திரும்பிய மீரா உசேன் கூத்தாநல்லூரில் பிரவுசிங் சென்டர் திறந்தபோது, உலகம் உங்கள் மேசையில் என்று பலகை மாட்டினார். மாட்டியவரே வந்த உலகத்தில் பாதியை வாசலோடு திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு கணினியிலும் பிரவுசருக்குள் நுழைந்து, ஜாவாஸ்கிரிப்ட் என்ற கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிடுவார். பக்கத்துக்குள் ஒளிந்திருந்து வேலை செய்யும் கட்டளைகள் அதோடு நின்றுபோகும். எழுத்து வரும், குதித்து வரும் அசிங்கப் படங்கள் வராது. விசா பார்க்கிறவர்களுக்காக ஆறாம் எண்ணில் மட்டும் டிக்கை விட்டுவைத்தார். அதன்மேலும் அவருக்கு ஒரு கண் உண்டு.

"உங்க கை சும்மாவே இருக்காதாண்ணே?" என்று கேலி செய்த தௌபீக், அங்கேயே கணினி பழகி ஷார்ஜா போனான். மனைவி ரிஃப்காவுக்கென்று ஒரு பக்கம் செய்துவைத்தான். அவள் காலையில் ஆறாம் எண்ணில் வந்து திறந்தால், "பசியாறியாச்சா, ரிஃப்கா?" ஐப்பசி வந்தால், "மாடித் துணியை எடுத்தாச்சா?"

அவன் விபத்தில் இறந்து, அங்கேயே அடக்கமாகி மூன்று வாரம் ஆன பிறகும் பக்கம் விசாரிப்பை நிறுத்தவில்லை. அவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத ரிஃப்கா, புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா இருக்க மாட்டேன் என்றாள். தினமும் விசாரிக்கிற புருஷனுக்கு எப்படித் துக்கம் காப்பது?

அவளுடைய அம்மா ஹமீதா பானு மகளை அழைத்துக்கொண்டே வந்துவிட்டார். "நீங்களே சொல்லுங்க தம்பி. ஊரு பேசுது. பைத்தியம்னு முத்திரை குத்திருவாங்க."

"ரிஃப்கா, இது கடிகாரம் மாதிரிம்மா. தேதியைப் பாத்துப் பேசுது. நிறுத்திக் காட்டறேன், வெறும் பக்கம்தான் வரும்."

"நிறுத்துங்க, பாப்போம்," என்றாள் ரிஃப்கா.

மீரா உசேன் ஆறாம் எண்ணின் டிக்கை எடுத்தார். பக்கத்தை மறுபடி வரவழைத்தார். வெறுமையாக வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"மீரா உசேன் அண்ணே, கையை வச்சிட்டீங்களா? டிக்கைப் போடுங்க. அவ காத்துக்கிட்டிருப்பா. ஜன்னத் பீவி பெரியம்மாவுக்கு என் சலாத்தைச் சொல்லுங்க."

கட்டளைகள் நின்றால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு வரியை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்பது மீரா உசேனுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஜன்னத் பீவி அவருடைய அம்மா. போன நோன்பில் மௌத்தாகி அடக்கமானவர்.

ரிஃப்கா இரண்டு முறை படித்தாள். "பெரியம்மா மௌத்தானப்ப இவரு போன் பண்ணி அழுதாரு," என்றாள் மெதுவாக. "அதுக்கு முன்னாடி எழுதுனது இது. அப்ப எல்லாமே முன்னாடி எழுதிவச்சதுதான்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வாம்மா, போவோம். இத்தா இருக்கறேன்."

கடிகாரம் என்று விளக்கியவர்தான் நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு டிக்கைப் போட்டார். "பசியாறியாச்சா, ரிஃப்கா?" என்று கேட்டது. ரிஃப்கா எழுந்துபோன நாற்காலியைத்தான் கேட்டது.

சலாம் சொல்லி அனுப்பினால் உரியவரிடம் எத்திவைத்தாக வேண்டும். அனுப்பியவர் யார், எங்கே இருக்கிறார் என்பதற்கெல்லாம் விலக்கு கிடையாது. அஸர் தொழுகைக்குப் பிறகு, அம்மா அடங்கியிருக்கும் மையவாடிக்குப் போனார்.

"அம்மா, தௌபீக் உங்களுக்கு சலாம் சொன்னான்," என்றார். சொன்ன பிறகுதான் உறைத்தது: மூன்று வாரம் தாமதம். அதற்குள் அவன் நேரிலேயே சொல்லியிருப்பான்.