செபஸ்தி அண்ணனின் பை வார்

செபஸ்தி அண்ணன் போய்விட்டார்.

நேற்று காலை. ஹார்ட் அட்டாக். கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது...

கூடலூர் பக்கம் எங்கள் ஊர் சர்ச் பேண்டில் லீட் கிட்டார் அவர். ரிதம் கிட்டார் நான். ரிட்டயர் ஆகும்வரை அண்ணன் கம்பம் - தேனி பஸ்ஸில் கண்டக்டர்.

வரும் சனிக்கிழமை திருவிழாச் சப்பரம். அதன் பின்னாலேயே டிராக்டர் ட்ரெய்லரில் நின்று வாசித்தபடி ஊரைச் சுற்றுவோம். இந்த வருஷம் வாசிப்பதா வேண்டாமா என்று வாட்ஸப் குரூப்பில் யாரும் வாய் திறக்கவில்லை.

இந்த எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கிய புதிதில் எனக்கு இடது மணிக்கட்டு வலி உயிர் போகும். இடது கை பிடிக்கும் நீளக் கழுத்து, அந்த நெக்கின் பின்பக்கம் பளபளவென்று வார்னிஷ் வேறு. வியர்த்தால் கட்டைவிரல் ஒட்டிக்கொள்ளும். இந்த நெக் நமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி, கிட்டாரை விற்கக் கிளம்பிவிட்டேன்.

"இருத்தா. எந்திரிச்சு நில்லு. இப்ப எடது கைய எடு" என்றார் அண்ணன்.

எடுத்தேன். நைலான் ஸ்ட்ராப் தோளில் வழுக்க, நெக் சர்ரென்று தரையைப் பார்த்துச் சாய்ந்தது.

"பாத்தியா? ஒடம்பு லேசு, தலை கனம். உங் கை வாசிக்கவே இல்ல ஆத்தா... சொமந்துக்கிட்டு நிக்கிது."

கண்டுபிடித்தது சரிதான். அதற்கு அவர் செய்த வைத்தியம் இருக்கிறதே...

காய்கறிக் கடையில் ஓர் எடைக்கல்லை வாங்கிவந்து, கிட்டாரின் அடிப்பக்கத்தில் வைத்து இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டார். நெக் நிமிர்ந்தது. கல்லின் கனத்தில் என் தோள்பட்டை இறங்கியது.

அந்த வருஷச் சப்பரத்தில் டிராக்டர் ஒரு பிரேக் போட்டது. டேப் பிய்ந்து, கல் நேராக பேஸ் டிரம்மில் போய் விழுந்தது. வேட்டுப் போடுகிறார்கள் என்று நினைத்து முன்னால் போன சனமெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டது!

"ஏண்ணே, இதுக்கு அந்த வலியே தேவலண்ணே" என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். நெக் நிமிந்துச்சா இல்லையா, அதச் சொல்லு" என்று வெட்கமே இல்லாமல் சிரித்தார்.

அடுத்த பிராக்டிஸுக்கு ஒரு வாரோடு வந்தார். அவருடைய பழைய கண்டக்டர் பையின் தோல் வார். நல்ல அகலம், உள்பக்கம் சொரசொரவென்று இருந்தது.

"பஸ்ல எம்புட்டு இடி வாங்கிருக்கேன். இது ஒரு நா தோள விட்டு எறங்குனதில்லத்தா."

பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து இரண்டு நுனியிலும் ஓட்டை போட்டுக்கொண்டு வந்து மாட்டினார். அன்றிலிருந்து நெக் வைத்த இடத்தில் நிற்கிறது. கை வலி போனது. வார்னிஷ்கூட அப்புறம் எனக்குத் தொந்தரவாகத் தெரியவில்லை.

அவர் மட்டும் கிட்டாரை முழங்கால் வரைக்கும் தொங்கவிட்டுத்தான் வாசிப்பார். கேட்டால் "ஸ்டைலுத்தா" என்பார். நெஞ்சுக்கு மேலே மாட்டும் என்னைப் பார்த்து, "அது கிட்டாரா, டையா?" என்று கேட்காத திருவிழா கிடையாது.

இன்று அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி மேரி மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சப்பரத்துக்கு ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுக்கலாம்னு பேசிக்கிறாகளாமே? அவுக இருந்தா சண்டைக்குப் போயிருப்பாக. நீ லீட் வாசி தாயி."

"எனக்கு லீட் வராது மதினி..."

"ஒனக்கு வரும்னு அவுக எங்கிட்ட சொல்லிருக்காக."

என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அந்த மனுஷன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றேன். இடது கையை எடுத்துப் பார்த்தேன். அப்புறம் அவருடைய பகுதியை வாசித்தேன். நடுவில் தடுமாறியது. மறுபடி வாசித்தேன்...

"சனிக்கிழமை வாசிக்கிறோம்" என்று குரூப்பில் போட்டுவிட்டேன்.

அண்ணே, நெக் சாயவில்லை. டிராக்டரில் உங்கள் இடத்தில்தான் நிற்பேன். போய்ட்டு வாங்கண்ணே.