கீழ்த்தொட்டி

பனியன் துணியில் நூல் கண்ணிகளை எண்ணுவதற்கென்று ஒரு கண்ணாடி உண்டு. மடித்தால் தீப்பெட்டியை விடச் சிறியது. விரித்தால் மூன்று பித்தளைத் தகடுகள் சேர்ந்து ஒரு குட்டி முக்காலி போல நிற்கும், மேல் தகட்டில் லென்ஸ் இருக்கும். ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று பார்க்க, திருப்பூரில் எல்லா பனியன் கம்பெனிகளிலும் ஒன்றாவது கிடக்கும். என் வீட்டில் இருக்கும் கண்ணாடி துணியைப் பார்த்துப் பல நாளாகிறது. அது மீன்தொட்டியின் மூடிமேல், உப்புப் பூத்த ஓரத்தில் இருக்கிறது. கீலில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. அது என்னுடையதல்ல, மாஸ்டருடையது.

மாஸ்டர் என்றால் நான் வேலை செய்யும் சாயப் பட்டறையில் இருந்த டையிங் மாஸ்டர். தூத்துக்குடிக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே வாடகை வீட்டில் தனியாக இருந்தார். நான் தண்ணீர்ப் பிரிவு. போர்வெல் தண்ணீரை அப்படியே சாயத்துக்குப் பயன்படுத்த முடியாது. அதை வடிகட்டி, உப்பைப் பிரித்து, மெஷினுக்கு அனுப்ப வேண்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். குழாயில் கை வைத்தே பம்புக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவேன். மனிதர்களிடம் பேசத்தான் வராது. கேன்டீனில் கூட்டம் கலைந்த பிறகே சாப்பிடப் போவேன்.

ஒருநாள் மாஸ்டர் என்னிடம் வாரத்துக்கு ஒரு கேன் சுத்தத் தண்ணீர் கேட்டார். முதலாளியிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். எதற்கென்று நான் கேட்கவில்லை. நான்கு மாதம் மொபெட்டில் கேனைக் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்காகவே காத்திருந்தவர் போலக் கதவைத் திறந்தார்.

"என்ன அண்ணாச்சி, பால்காரர் மாதிரி வாசல்ல வச்சிட்டு ஓடுதீங்க? ஒங்க தண்ணி எங்க போகுதுன்னு பாக்க வேண்டாமா?"

"இல்லீங்க மாஸ்டர், நேரமாச்சுங்க."

"இந்த ஊர்ல நேரமாகாத ஆளையே நான் பாத்ததில்ல. உள்ள வாங்க."

உள்ளே நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியில் கடல் இருந்தது. நான் கடலை நேரில் பார்த்தது ஒரே ஒருமுறை, திருச்செந்தூரில், மொட்டை போட்ட தலையோடு. அந்தக் கடலில் அலைதான் தெரிந்தது. இந்தக் கடலில் உள்ளே இருப்பது தெரிந்தது. "எங்க ஊர்ல பவளப்பாறையத் தொட்டா கேஸு. அதான் பாறைய சிமெண்டுல நானே செஞ்சேன்" என்றார். வேறொருவர் தன் தொட்டியிலேயே வளர்த்துப் பிரித்துக் கொடுத்த மெத்தென்ற பவள உயிர்கள் இரண்டு அந்தப் பாறையில் விரல்களை விரித்துக்கொண்டிருந்தன. பாறைக்கு அடியிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன், யாராவது பார்க்கிறார்களா என்று தயங்கித் தயங்கி வெளியே வந்தது. உடம்பெல்லாம் நீலம், அதில் ஆரஞ்சு வரிகள் வளைந்து வளைந்து ஓடின. இந்த டிசைனைப் பிரிண்ட் போட்டுக் காட்டினால் துணி வாங்க வரும் எந்த பையரும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று மாஸ்டர் சிரித்தார்.

"அவருக்கு என்ன தீனிங்க?" என்று கேட்டேன்.

"மீனுக்கும் மரியாதையா! சரி, இன்னையிலருந்து இவரு மாப்பிள்ளைன்னே இருக்கட்டும். சட்டையும் கல்யாணச் சட்டைதான்."

பிறகு அந்தக் கண்ணாடியை எடுத்தார். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் கையை விட்டு எங்கிருந்தோ ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து, வெள்ளைச் சாஸரில் விட்டு, அதன்மேல் கண்ணாடியை நிறுத்தினார். குனிந்து பார்த்தேன். எள்ளில் நூறில் ஒரு பங்கு இருக்கும், வாலை வெட்டி வெட்டி நீந்தும் பூச்சிகள் பத்துப் பன்னிரண்டு. "மாப்பிள்ளைக்கு இதான் சோறு. கடைத் தீனிய மோந்துகூடப் பாக்க மாட்டாரு. உசுரோட நெளியணும்" என்றார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் நான் கதவைத் தட்டினேன். இருவரும் அதிகம் பேசியதில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்போம். என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகளைத் தாராபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தேன். ஒரு வாரத்தில் நான் உட்கார்ந்து டீ குடித்தது அந்த ஒரு வீட்டில்தான்.

பட்டறையில் ஆர்டர் குறைந்தபோது மாஸ்டருக்கு பங்களாதேஷில் வேலை கிடைத்தது. ஒரு வருடம் என்றார். தொட்டியை என் வீட்டுக்கு மாற்ற இரண்டு நாள் பிடித்தது. என் மனைவியின் தையல் மிஷின் இருந்த இடத்தில் அதை வைத்தோம். எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர், எப்போது விளக்கு என்று எல்லாம் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். கடைசியாக, அலமாரிக்குள் இருந்த கீழ்த்தொட்டியைக் காட்டினார். மேலே இருந்து வழியும் தண்ணீர் இறங்கி, பம்ப் வழியாக மறுபடி மேலே ஏறுகிற சின்னத் தொட்டி அது. அடியில் சேறு. சிக்கு விழுந்த நூல்கண்டு போல ஒரு பச்சைப் பாசி. அதற்கென்று ஒரு குட்டி விளக்கு. "கீழ எதுவும் செய்ய வேண்டாம் அண்ணாச்சி. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றார். கண்ணாடியை மூடிமேல் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளி "போதுமுங்க" என்றால் இன்னொரு கரண்டி வைக்க வேண்டும். "அதெல்லாம் எதுக்குங்க" என்று ஒருவர் சொன்னால், அதைச் செய்துவிட வேண்டும். அவர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திருப்பது மரியாதை இல்லை. தூத்துக்குடிக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்பது எனக்குத் தெரியவில்லை. தனி ஆள், கீழே கழுவ நேரமில்லை, என்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறார் என்றே நினைத்தேன். அது மட்டுமல்ல. தண்ணீரில் பச்சை தெரிந்தால் அது என் குற்றம் என்றே இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். துளிப் பாசி போனால் வெளிர் நிறத் துணியில் புள்ளி விழும், முழு லாட்டும் திரும்பி வரும். அந்த வார ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தொட்டியைக் கழற்றி, பாசியைக் கறிவேப்பிலை மரத்தடியில் வீசி, சேற்றைக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். ஏழுமுறை அலசினேன். கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குப் பளிச்சென்று ஆனது. மாஸ்டர் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பங்களாதேஷில் விடுமுறை. மதியம் எனக்குச் சாப்பாட்டு வேளையில் மாஸ்டர் போன் செய்வார். எப்போதும் அவர்தான் செய்வார், நான் ஒருமுறையும் செய்ததில்லை. "மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" என்பதுதான் முதல் கேள்வி. "நல்லா இருக்காருங்க" என்பேன். ஒரு மாதம் அது உண்மையாக இருந்தது. பிறகு மேல்தொட்டியின் கண்ணாடியில் பழுப்பாக வழுக்கல் படிந்தது. மாப்பிள்ளை பகல் முழுக்கப் பாறையை உற்று உற்றுப் பார்த்தார், கொத்துவது குறைந்தது. வயிறு உள்ளே போய், தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கடைத் தீனி வாங்கிப் போட்டேன். மூக்கின் முன்னால் விழுந்த தீனியை விட்டு விலகிப் போனார். கடைசியில் அந்தக் கண்ணாடியை எடுத்தேன். ஒரு சொட்டை சாஸரில் விட்டுப் பார்த்தேன். தண்ணீர் மட்டும் இருந்தது. இன்னொரு சொட்டு. அதிலும் தண்ணீர் மட்டும்தான். அன்று மாஸ்டர் அலமாரிக்குள் கை விட்டது எங்கே என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாப்பிள்ளையின் நெல்வயலில் நான் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம். "மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" என்றார். "நல்லா இருக்காருங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. வீடியோவில் காட்டுங்கள் என்றார். கேமரா சரியில்லைங்க என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய். எனக்கென்று இருந்த ஒரே மனிதர் நம்பி விட்டுப்போன உயிரை நான் பட்டினி போட்டுவிட்டேன் என்பதை எந்த வார்த்தையில் சொல்வது?

சாயத்துக்கு வேண்டிய உப்பு எங்கள் பட்டறைக்குத் தூத்துக்குடியிலிருந்துதான் வரும். அந்த லாரி டிரைவர் மாஸ்டரின் ஊர்க்காரர். மாஸ்டர் இங்கே இருந்தவரை, வண்டி வந்தால் இருவரும் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். நான் அவரிடம் அதுவரை பேசியதில்லை. மூட்டை இறங்கி முடியும்வரை சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, வண்டி கிளம்பும்போது போய் நின்றேன்.

"ஏனுங்க, உப்பளத்து வாய்க்கால்ல நூலாட்டம் பச்சைப் பாசி இருக்குமுங்களா?"

"கெடக்கும். எதுக்கு, கூட்டு வைக்கவா?"

"ஒரு கேன் வேணுமுங்க. கடல் தண்ணியோட. மாஸ்டருக்குத் தெரிய வேண்டாமுங்க."

"எங்க ஊர்ல வாரித் தள்ளுத குப்பைய ஒரு மனுசன் ரகசியமா கேக்காரு! திருப்பூர்க்காரரு எதையும் விக்காம விடமாட்டீரு போல" என்று சிரித்துவிட்டு, வெறும் கேனை வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டார்.

அடுத்த லோடு வர பத்து நாள் ஆகும். அதற்கிடையில் வந்த வெள்ளிக்கிழமை மாஸ்டர் வழக்கம்போல் விசாரித்தார், நானும் வழக்கம்போல் சொன்னேன். வீடியோ கேட்கவில்லை. தானாகவே வேறு எதையோ பேச ஆரம்பித்தார். இங்கே ரூமில் சும்மா இருக்கும்போது தொட்டி நினைப்பாகவே இருக்கிறது அண்ணாச்சி, கீழ்த்தொட்டியைப் புதுசாக வைப்பதென்றால் எப்படி வைப்பேன் தெரியுமா என்றார். தண்ணீர் அதில் ஓடக் கூடாது, நடக்க வேண்டும். பாசிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், ஆனால் மேலே விளக்கு அணைந்த பிறகுதான் கீழே எரிய வேண்டும். சேறு இரண்டு விரல் போதும். பாசி பம்பில் சிக்காமல் துணித் தடுப்பு வேண்டும். கடலிலிருந்து வந்த பாசி என்றால் முதலில் ஒரு வெள்ளை வாளியில் போட்டு நண்டுக் குஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் காதில் போனும் கையில் பேனாவுமாக, பாய்லர் சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வேண்டிய நேரத்தில் வேண்டிய பேச்சு வந்ததை முருகன் செயல் என்று நினைத்தேன்.

கேன் வந்தது. வாளியில் கொட்டி இரண்டு நண்டுக் குஞ்சுகளைப் பொறுக்கினேன். நிட்டிங்கிலிருந்து குழாய் போல வரும் பனியன் துணியில் ஒரு முழம் வாங்கி, அதில் இருக்கும் மெஷின் எண்ணெய் போகக் கொதிக்க வைத்து அலசி, பம்புக்கு முன்னால் தடுப்பாகக் கட்டினேன். கழற்றி வைத்திருந்த குட்டி விளக்கை மாட்டினேன். குழாயில் ஒரு வால்வு வைத்து, தண்ணீர் நடக்கும் அளவுக்குத் திருகினேன். ஒரு பிடிப் பாசியை மட்டும் மேல்தொட்டியில் உதறினேன். கண்ணுக்குத் தெரியாத ஏதோ தூசி போல இறங்கியது. அசையாமல் கிடந்த மாப்பிள்ளை கண்ணை உருட்டினார். பிறகு ஒரு கொத்து. சற்று நிறுத்தி, இன்னொரு கொத்து. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வயிறு திரும்ப இரண்டு மாதம் ஆனது. மேல்தொட்டியின் வழுக்கலும் மெல்ல மெல்ல மறைந்தது. அழுக்கைப் பாசி தின்றுகொண்டது. அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஒன்றை நான் அழுக்கு என்று தூக்கி எறிந்திருந்தேன். மாப்பிள்ளை முழுதாகத் தேறியதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி சட்டைப் பையில் வைத்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. நானாகக் கூப்பிடலாம் என்று எண்ணை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஓய்வாக இருப்பாரோ, தொந்தரவாகிவிடுமோ என்று வைத்துவிடுவேன். மூன்றாவது வாரம் பட்டறையில் பேசிக்கொண்டார்கள். மாஸ்டருக்குத் தங்கியிருந்த அறையில் நெஞ்சு வலி வந்திருக்கிறது. ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்து பத்து நாளாகியிருந்தது.

உப்பு லாரி அதற்குப் பிறகு வந்தபோது நானாகவே டிரைவரிடம் போனேன். அவர் அடக்கத்துக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" என்று கேட்டார். அந்தப் பெயரை நானோ மாஸ்டரோ பட்டறையில் யாரிடமும் சொன்னதில்லை.

"கோவிச்சிக்கிடாதீங்க அண்ணாச்சி. சொல்ல வேண்டாம்னுதான் சொன்னீங்க. வாய்க்கால்ல நாலு வகைப் பாசி கெடக்கு, எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கே மாஸ்டருக்குப் போனப் போட்டேன். எதுன்னு சொல்லிட்டு, 'எனக்குத் தெரியும்னு அவருட்ட சொல்லிராத, ரொம்பக் கூச்சப்படுவாரு'ன்னாரு."

அவர் லாரியை எடுத்துக்கொண்டு போன பிறகும் நான் உப்பு மூட்டைகளின் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்படியென்றால் நான் பாசி கேட்ட பிறகு வந்த அத்தனை வெள்ளிக்கிழமைகளும் அவர் தெரிந்தேதான் கேட்டார். நான் சொன்ன பொய்யைத் தெரிந்தே வாங்கி வைத்துக்கொண்டு, எனக்கு வேண்டியதைத் தன் சொந்த நினைப்பு போலச் சொல்லிக் கொடுத்தார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நேராகப் பேசுகிற மனிதர், எனக்காக எங்கள் ஊர்க்காரர் போல, சொல்லாமல் செய்யப் பழகிக்கொண்டார். அவரிடம் நேராகப் பேச நான்தான் பழகிக்கொள்ளவில்லை.

அவருடைய மனைவிக்குப் போன் செய்தேன். நானாக ஒருவருக்குச் செய்த முதல் சில போன்களில் அதுவும் ஒன்று. தொட்டி உங்களிடமே இருக்கட்டும் அண்ணே என்றார்கள். கீழே பாசி மாதம் ஒருமுறை நிரம்பிவிடுகிறது. பாதியைப் பிரித்து எடுத்து, பூச்சிகள் தண்ணீரில் விழும்படி உதறிவிட்டு, கறிவேப்பிலை மரத்தடியில் போடுகிறேன். கீழ்த்தொட்டியை நான் கழுவுவதில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு வேளையில் இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். கண்ணாடியை எடுத்து விரித்து, கீழிருந்து ஒரு சொட்டை சாஸரில் விட்டுப் பார்த்தேன். எண்ண முடியவில்லை, அவ்வளவு நெளிகின்றன. மேலே மாப்பிள்ளை உருண்டு திரண்ட வயிற்றோடு பாறையைக் கொத்திக்கொண்டிருந்தார். போன் பக்கத்தில்தான் இருந்தது. அது அடிக்கும் நேரம் வந்து, கடந்து போனது. "நல்லா இருக்காருங்க" என்றேன்.