போர் விமானத்துக்கு ரசமட்டம்

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பத் திருச்சிக்குப் போனபோதுகூட, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டிவிட்டு வெளியே வந்து டீ குடித்ததோடு சரி. ஆனால் ஒரு போர் விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை நானே கட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டருக்குள்தான். அதனால் என்ன? தகடு தகடுதான், ரிவிட் ரிவிட்தான்.

எங்கள் வீடு குளத்தூர்ப் பக்கம். மருமகள் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே கட்டட பிளான் போட்டுக் கொடுக்கிறாள். அதற்காகப் பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள். மற்ற நாளில் அதில் மாடிப்படியும் கக்கூசும் வரைவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் கியர் மாதிரி ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆகாயத்தில் சண்டை போடுவாள். பழைய காலத்துப் போர் விமானங்களை ஓட்டும் விளையாட்டு அது. பல ஊர்களிலிருந்தும் பத்துப் பேர் சேர்ந்து ஓர் அணி. அணித் தலைவர் தஞ்சாவூரில் ஒரு பல் டாக்டர். நல்ல மனுசன். ஆனால் விளையாட்டில் கறாரானவர்.

முதல் தடவை மருமகள், "விழுந்துட்டான், விழுந்துட்டான்!" என்று கத்தியபோது என் வீட்டுக்காரி கொல்லையிலிருந்து ஓடி வந்தாள்.

"யாருத்தா விழுந்தா? கெணத்துலயா?"

"கடல்ல அத்தை! நாந்தான் தள்ளிவிட்டேன்!"

என் வீட்டுக்காரி முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். நாலைந்து வாரம் பேசாமல் பார்த்தேன். பிறகு பொறுக்க முடியவில்லை.

"தாயி, இது ஓடுன வண்டி மாதிரி இல்லையே."

"பறக்குதே மாமா."

"பறக்குது. ஆனா வெளக்கி வச்ச குத்துவெளக்கு மாதிரி பளபளன்னு இருக்கு. ஒரு நசுங்கல் இல்ல, எண்ணெ வழிஞ்ச தடம் இல்ல. சண்டைக்குப் போய்ட்டு வந்த வண்டின்னா ஒடம்புல தெரிய வேணாமா?"

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நாற்பது வருசம் லாரி பாடி கட்டும் பட்டறையில் தகடு தட்டும் டிங்கராக இருந்தவன் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எதையோ தட்டினாள். விமானத்தின் தோல் முழுவதும் உரித்து விரித்த ஆட்டுத்தோல் போல் திரையில் பரந்து கிடந்தது.

"இது மேல பெயின்ட் அடிச்சா அங்கிட்டு வண்டியில தெரியும் மாமா. அடிச்சுப் பாக்குறீங்களா?"

அடித்துப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது பித்து.

துரு என்றால் சும்மா காவி நிறத்தை அப்பிவிடுவது என்று நினைக்கிறார்கள். மணமேல்குடியிலிருந்து மீன் ஏற்றி வரும் லாரிகள் எங்கள் பட்டறைக்கு வரும். ஐஸ் உருகி, மீன் தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி, கதவுக்கு அடியில் போய்த் தேங்கும். துரு அங்கே பிறந்து மேலே ஏறும். முதலில் பெயின்ட் அம்மைக் கொப்புளம் மாதிரி உப்பும், பிறகு உடையும், அதன் பிறகுதான் நிறம் தெரியும். ஒரு தடவை அப்படி ஒரு கதவை நான் சுத்தியலால் தட்ட, கதவு நின்றது, அடிப்பாகம் மட்டும் பொலபொலவென்று என் காலில் கொட்டியது. டிரைவர் என்னைப் பார்த்து, "அண்ணே, தொட்டதுக்கே இப்புடியா?" என்று அழாத குறையாகக் கேட்டான். சரி, அது கிடக்கட்டும். கடற்கரைத் தளத்தில் நின்ற விமானம் என்று மருமகள் சொன்னதால், நான் மீன் லாரித் துருவை அதன் வயிற்றில் ஏற்றினேன். அதை அவள் இணையத்தில் எல்லாரும் இறக்கிக்கொள்ளும்படி போட்டாள். எந்த ஊர்க்காரனோ ஒருத்தன், 'இந்தத் துருவை எதை வைத்துச் செய்தீர்கள்?' என்று கேட்டிருந்தான். மருமகள் மீன் தண்ணீர் என்று பதில் எழுதினாள். அவன் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

தோலில் ஆரம்பித்தது உடம்பில் போய் நின்றது. மூக்கைத் தூக்கி, வாலைத் தரையில் வைத்து, நாய் உட்கார்ந்த மாதிரி உட்காரும் ஒரு பழைய விமானம். அணிக்கு அது வேண்டும். விளையாட்டில் அது இல்லை. வேறு யாரோ செய்து போட்டிருந்த ஒன்று இருந்தது, பல் டாக்டர் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். மருமகள் எனக்கு அதைக் காட்டினாள். வயிறு வீங்கின மாதிரி இருந்தது.

"நாமளே கட்டுவோம் தாயி," என்று சொல்லிவிட்டேன். அவளும் அணியில் சொல்லிவிட்டாள். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர் அணியோடு பெரிய சண்டை. 'அன்றைக்குப் பத்துப் பேரும் என் மாமா கட்டிய வண்டியில்தான் கிளம்புவோம்' என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. தமிழே லாரி முதுகில் எழுதியிருப்பதைப் பார்த்துப் படித்ததுதான். அதனால் பொத்தான்களை இடத்தை வைத்து மனப்பாடம் செய்தேன். மேலே வரிசையில் மூன்றாவது வெட்டும், ஐந்தாவது இழுக்கும், ஓரத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி இருப்பது ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் தானாகச் செய்யும். இந்த வண்ணத்துப்பூச்சி பட்டறையில் இருந்திருந்தால் நான் பாதி வயசில் ரிட்டயர் ஆகியிருப்பேன். மருமகள் பழைய படங்களைப் பக்கவாட்டில், மேலிருந்து, எதிரிலிருந்து என்று மூன்று விதமாக வைத்துக் கொடுப்பாள். நான் அதன் மேல் தகடு தகடாக இழுத்து மூடுவேன். ஆவணியில் தொடங்கி மார்கழிக் கடைசியில் முடித்தேன்.

"மனுசன் சோத்துல உப்பு இருக்கா இல்லையான்னு தெரியாமத் திங்கிறாரு," என்று என் வீட்டுக்காரி பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். "கேட்டா ரெக்கைக்கு ரிவிட் அடிக்கிறாராம்."

சண்டைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், பத்துப் பேரும் விமானத்தை இறக்கிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தார்கள். மருமகள் எனக்காக ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். பல் டாக்டர், "அய்யா, பிரமாதம்! எண்ணெ வழிஞ்சிருக்கதப் பாத்தா துணி எடுத்துத் தொடைக்கணும்போல இருக்கு," என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

பிறகு அவர் ஓடுபாதையில் முதல் ஆளாகக் கிளம்பினார். விமானம் கொஞ்ச தூரம் நேராக ஓடியது. மெல்ல வலது பக்கம் ஒதுங்கியது. பாதையை விட்டுப் புல்லில் இறங்கி, அங்கே நின்ற ஒரு கூடாரத்துக்குள் போய்த் தீப்பிடித்தது.

"என் கைத்தப்பு, என் கைத்தப்பு," என்றார்.

அடுத்த ஆள் கிளம்பினார். அதே புல். அதே கூடாரம். மூன்றாவது ஆள், "நான் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே போய் அதே கூடாரத்தில் இடித்தார். ஸ்பீக்கரில் ஒரே கூச்சல். "அண்ணே, கூடாரத்துல பிரியாணி போடுறாங்களா?" என்று ஒருத்தர் கேட்டார். மருமகளும் போனாள். அவள் மட்டும் கூடாரத்துக்குத் தப்பி, பின்னால் இருந்த மரத்தில் மோதினாள்.

அதுவரை அவள் அந்த விமானத்தைத் தரையிலிருந்து கிளப்பியதே இல்லை. விளையாட்டில் நேராக ஆகாயத்திலிருந்தே தொடங்கலாம். அப்படித்தான் ஓட்டிப் பார்த்திருந்தாள். ஆகாயத்தில் அது தங்கமாகப் பறந்தது.

சிரித்து ஓய்ந்த பிறகு பல் டாக்டர் குரலை இறக்கினார். "அய்யா, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு மூணு மணிக்குச் சண்டை. அதுக்குள்ள சரியாச்சுன்னா ஒங்க வண்டி. இல்லைன்னா அந்தப் பழையதுலயே போயிருவோம்."

அந்த வயிறு வீங்கினதில்.

மருமகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அணியில் அவள் ஒருத்திதான் பெண். வாக்குக் கொடுத்தது அவள். கெடுத்தது நான்.

ஞாயிறு காலையில் இட்லி ஆறிக் கிடக்க, இருவரும் உட்கார்ந்து தேடினோம். வால் நேராக இருந்தது. இன்ஜின் இழுவையைக் குறைத்துப் பார்த்தாள். அப்போதும் மெதுவாகப் போய் அதே கூடாரத்தில் இடித்தது. கடைசியில் விமானத்தை ஓடுபாதையில் நிறுத்தி, எதிரிலிருந்து பார்க்கிற மாதிரி வைக்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஏதோ ஒன்று உறுத்தியது. எழுந்து போய்ப் பரணில் கிடந்த என் ரசமட்டத்தை எடுத்து வந்தேன். கொத்தனாரும் நாங்களும் வைத்துப் பார்ப்போமே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி உயர்ந்த பக்கமாக ஓடும், அதுதான்.

"இது எதுக்கு இப்ப?" என்றாள் என் வீட்டுக்காரி.

"விமானத்துக்கு."

"ஏத்தா, மாமனுக்கு ஒரு எலுமிச்சம்பழம் தேச்சுக் குளிப்பாட்டி விடுவமா?"

நான் ரசமட்டத்தைத் திரையில் இறக்கையோடு சேர்த்துப் பிடித்தேன். குமிழி வலப்பக்கம் ஓடியது.

"மேசை கோணலா இருக்கும் மாமா," என்றாள் மருமகள்.

நியாயம்தான். மேசைமேல் வைத்துப் பார்த்தேன். மேசையும் கோணல். அட்டையை மடித்து மேசைக் காலுக்கு அடியில் கொடுத்தோம். அந்தப் பக்கம் ஏறிவிட்டது. என் வீட்டுக்காரி முணுமுணுத்துக்கொண்டே மேசையைத் தூக்க, நான் ஒரு மடிப்பைப் பிரித்து வைத்தேன். மேசை மட்டமானது. திரையின் விளிம்பில் வைத்தேன், அதுவும் மட்டம். மறுபடியும் இறக்கையில் வைத்தேன்.

குமிழி வலப்பக்கமே போய் உட்கார்ந்தது. நம் பார்வைக்கு வலம் என்றால், எதிரே நிற்கும் விமானத்துக்கு இடம். இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கிவிட்டேன்.

நம் ஊர் ரோடு நடுவில் மேடாகவும் ஓரம் சரிவாகவும் இருக்கும். லாரி இடப்பக்கமாகவே ஓடுவதால், பாரம் ஏறினால் இடப்பக்கம் தொங்கும். அதனால் எங்கள் மேஸ்திரி, பாடியை வைக்கும்போதே இடப்பக்கம் நாலு நூல், அதாவது அரை அங்குலம், தூக்கி வைக்கச் சொல்வார். எங்கள் பட்டறையில் அது சட்டம். நாற்பது வருசத்தில் நான் இடப்பக்கம் தூக்காமல் ஒரு வண்டியையும் வெளியே விட்டதில்லை. விமானத்துக்கு வண்ணத்துப்பூச்சியை வைத்து இரண்டு சக்கரக் காலையும் ஒன்றுபோல் செய்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் இடது கால் ஏதோ குறைவதாகத் தோன்றி, அதை மட்டும் கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறேன். மூளையைக் கேட்கவில்லை. கை செய்துவிட்டது. மருமகள் அந்தச் சக்கரங்களை அளந்து, அவை தரையைத் தொடும் இடத்தை விளையாட்டுக்கான ஃபைலில் அப்படியே எழுதியிருக்கிறாள். நான் தூக்கியதும் நாலு நூல் இல்லை. திரையில் சின்னதாகத் தெரிந்தது, கணக்குப் பார்த்தால் ஒரு சாண்.

விசயத்தைச் சொன்னேன். மருமகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா, நேத்து எங்களப் புதுக்கோட்டை ரோட்டுல ஓட்ட வச்சிருக்கீங்க!"

"பாரம் ஏத்துனா சரியாயிரும் தாயி," என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். என் வீட்டுக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் எங்களைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

சக்கரக் காலைச் சரிசெய்தேன். அவள் ஃபைலைத் திருத்தினாள். ஓடுபாதையில் விட்டாள். விமானம் நேராக, வலமும் இடமும் பார்க்காமல் ஓடி, வாலைத் தூக்கி, மேலே போனது. மணி ஒன்றரை. உடனே எல்லாருக்கும் அனுப்பினாள்.

மூன்று மணிக்கு ஸ்பீக்கரில் மற்ற ஒன்பது பேரின் குரலும் வந்தது. பல் டாக்டர், "அய்யா, கூடாரத்துல ஆள் இருந்தா வெளிய வரச் சொல்லிருங்க," என்றார். பிறகு அவர் வண்டி ஓடியது. நான் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். புல் பக்கம் போகவில்லை. எழும்பியது. இரண்டாவது எழும்பியது. மூன்றாவது, நான்காவது. மருமகள் ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கினாள். அவள் முறை வந்ததும் விரலை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்தாள். தரை கீழே போனது. கடல் தெரிந்தது. முன்னால் ஏழெட்டு விமானம் வரிசையாக, எல்லாம் நான் இழுத்த தகடு, எல்லாம் என் எண்ணெய்த் தடம்.

"வயித்துல துரு தெரியுதா பாரு தாயி!" என்றேன்.

"காட்டுறேன் மாமா, புடிச்சுக்கங்க!"

அவள் கம்பியை ஒரே சாய்ப்பாகச் சாய்த்தாள். கடல் மேலே போனது, வானம் கீழே வந்தது. தலைக்கு மேல் இன்னொரு விமானத்தின் வயிறு, மீன் லாரிக் கதவு மாதிரியே கொப்புளம் கொப்புளமாக. நானும் அதோடு சேர்ந்து சாய்ந்தேன். நாற்காலி என்னோடு வரவில்லை. தொப்பென்று தரையில் கிடந்தேன்.

அடி ஒன்றும் இல்லை. மல்லாந்து கிடந்தபடியே கேட்டேன். ஸ்பீக்கரில் பல் டாக்டர் எண்ணிக்கொண்டிருந்தார். "எட்டு... ஒம்போது... பத்து. எல்லாரும் மேல வந்தாச்சு. அய்யா, கேக்குதா? பத்தும் வந்தாச்சு!"

"கேக்குது! கேக்குது!" என்று கீழேயிருந்து கத்தினேன். சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் போனது.

என் வீட்டுக்காரி கையை நீட்டினாள். "அய்யய்ய, எந்திரிங்க மொதல்ல. யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாக?"

"இருடி," என்றேன். "நான் இன்னும் எறங்கல."